ஒரு மாதிரி நேர்காணல் சேவை: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை

வேலைக்கான நேர்காணலுக்கு ஆயத்தம் செய்து தருவதாகச் சொல்லும் இணையவழிச் சேவைகள் இன்று பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் சந்தா செலுத்தி, அதன் எல்லாப் பகுதிகளையும் பயன்படுத்திப் பார்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். சேவையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இத்தகைய சேவைகள் பலவும் ஏறத்தாழ இதே அமைப்பில் இருப்பதால், இதில் கண்ட நிறைகுறைகளை அளவுகோலாகக் கொண்டு வேறொன்றையும் எடைபோட முடியும் என்பதே காரணம்.

சேவையில் நான்கு பகுதிகள் உள்ளன. துறை அனுபவம் உள்ள ஒருவர் காணொளி அழைப்பில் நடத்தும் மாதிரி நேர்காணல் ஒன்று. அது முடிந்ததும் கிடைக்கும் எழுத்து அறிக்கையும் காணொளிப் பதிவும் மற்றொன்று. இவை தவிர, ஆள் இல்லாமல் மென்பொருளே கேள்வி கேட்டு மதிப்பெண் போடும் பயிற்சியும், மாதிரி விடைகளுடன் கூடிய கேள்வி வங்கியும் இருக்கின்றன. மாதச் சந்தாவில் அடங்குபவை கடைசி இரண்டு மட்டுமே. மனிதர் நடத்தும் நேர்காணலுக்கு ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம். விளம்பரமோ மென்பொருளையும் கேள்வி வங்கியையுமே முன்னிறுத்துகிறது. என் மதிப்பீட்டில் இது தலைகீழான வரிசை. சேவையின் உண்மையான பயன் மனிதர் நடத்தும் நேர்காணலில், அதிலும் அவர் கேட்கும் கிளைக்கேள்விகளில்தான் இருக்கிறது.

ஒரே நிறுவனத்தின் சரக்குக் கிடங்கில் நெடுங்காலம் மேற்பார்வையாளராக இருந்துவிட்டு, வேறொரு நிறுவனத்தில் ஒரு படி உயர்ந்த பொறுப்புக்கு விண்ணப்பித்திருந்த நேரத்தில் இந்தச் சேவையை நாடினேன். வேலை நன்றாகத் தெரியும். ஆனால் செய்த வேலையை அறிமுகமில்லாத ஒருவருக்கு எடுத்துச் சொல்லும் வாய்ப்பு பல ஆண்டுகளாக வரவில்லை. ஓர் இடத்தில் நிலைத்து வேலை பார்த்த பலரும் இந்த நிலையில்தான் நேர்காணலுக்குப் போகிறார்கள் என்று நினைக்கிறேன். உடன் வேலை செய்பவர்களுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை, பாதி சொன்னாலே புரிந்துகொள்வார்கள். தேர்வுக் குழுவினருக்கு அந்தப் பாதி போதாது.

முன்பதிவின்போது வேலை விளம்பரத்தையும் தற்குறிப்பையும் பதிவேற்ற வேண்டும். அதன் பிறகு நேர்காணல் நடத்துபவர்களின் பட்டியல் வருகிறது. ஒவ்வொருவரும் எந்தத் துறையில் இருந்தார்கள், எந்த நிலைப் பணிகளுக்கு ஆள் எடுத்திருக்கிறார்கள் என்பதும் அதில் இருக்கிறது. இந்த இடத்தில் நேரம் செலவழிப்பது நல்லது. பொதுவான பயிற்சியாளரைக் காட்டிலும், நீங்கள் விண்ணப்பிக்கும் பணிக்கே ஆள் எடுத்துப் பழகியவரைத் தேர்ந்தெடுப்பது பல மடங்கு பயன் தரும். நான் தேர்ந்தெடுத்த பெண்மணி விநியோகத் துறையில் பல குழுக்களுக்கு ஆள் எடுத்தவர். விளம்பரத்தை அவர் படித்திருந்தார் என்பது முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்தது. விளம்பரத்தில் இரண்டு முறை வந்திருந்த ஒரு பொறுப்பைச் சுட்டி, அதைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டே தொடங்கினார்.

அடுத்து நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கட்டணம் முழுவதும் அந்தச் சில நிமிடங்களுக்கே உரியது. “உங்கள் பொறுப்பில் இருந்த ஒரு வேலை சிக்கலானபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்” என்று கேட்டார். கிடங்கிலிருந்து தவறான பொருள் போய்ச் சேர்ந்து, பெட்டிகள் திரும்பி வருவது ஒரு பருவத்தில் அதிகமானதையும், அடுக்கும் முறையை மாற்றியதால் அது குறைந்ததையும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகவில்லை.

“காரணம் அடுக்கும் முறைதான் என்று எப்படித் தெரிந்தது?”

திரும்பி வந்த பெட்டிகளின் சீட்டுகளை எடுத்து வைத்துப் பொருள்வாரியாகப் பிரித்துப் பார்த்ததைச் சொன்னேன். அவற்றில் பெரும்பகுதி, அடுத்தடுத்த தட்டுகளில் இருந்த, சீட்டின் எண் ஒரே ஓர் இலக்கத்தில் மட்டும் வேறுபட்ட பொருள்களாக இருந்தன.

“அதற்கு முன்பு வேறு என்ன காரணம் என்று நினைத்தார்கள்?”

இரவு முறையில் (ஷிப்டில்) வேலை செய்பவர்களின் கவனக்குறைவு என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

“அப்படி நினைத்தவர்களை எப்படி இசைய வைத்தீர்கள்?”

பகல் முறையின் தலைவர் சீட்டுக் கணக்கைக் காட்டியும் ஏற்கவில்லை. மங்கலான வெளிச்சத்தில் அதே தட்டுகளிலிருந்து அவரே பொருள்களை எடுத்துப் பார்க்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் எடுத்தவற்றிலும் பொருள் மாறியிருந்ததைக் கண்ட பிறகு, தட்டுகளை மாற்றும் வேலையை அவரே முன்னின்று நடத்தினார்.

“குறைந்தது என்றால் எவ்வளவு? பிறகு மீண்டும் கூடியதா?”

இப்படிக் கேட்டு முடித்ததும் அவர் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது: “முதலில் நீங்கள் சொன்னது தலைப்பு மட்டுமே. இப்போது சொன்னதுதான் விடை. தேர்வுக் குழுவில் இருப்பவருக்கு இவ்வளவையும் தோண்டி எடுக்கப் பொறுமையோ நேரமோ இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.”

சூழல், பணி, செயல், விளைவு என்று நான்காகப் பிரித்து விடை சொல்லும் ஸ்டார் முறையைப் பற்றி எந்த வழிகாட்டியிலும் படிக்கலாம். அந்த நான்கு சொற்களையும் மனப்பாடம் செய்தவர்கூட, தன் அனுபவத்தில் எது செயல், எது விளைவு என்று தானாகக் கண்டுகொள்வது கடினம். பழகிப்போன வேலையில் எந்த இடத்தில் நாம் ஒரு முடிவு எடுத்தோம் என்பதே நம் கண்ணில் படாது. வெளியாள் ஒருவர் கேட்கும்போதுதான் அது வெளிப்படுகிறது. பகல் முறைத் தலைவரோடு நடந்த அந்தப் பேச்சை நான் ஒரு பொருட்டாகவே எண்ணியிருக்கவில்லை; நேர்காணல் நடத்தியவருக்கோ அதுவே முழுக் கதையிலும் மதிப்புள்ள பகுதியாகத் தெரிந்தது. விண்ணப்பித்த பணி, கருத்து வேறுபாடு உள்ள குழுக்களை ஒன்றாக நடத்திச் செல்லும் பணி என்பதால் அவர் அப்படிக் கண்டார்.

இவ்வகைக் கேள்விகள் ஏன் இத்தனை பரவலாகிவிட்டன என்பதற்கும் பின்னணி உண்டு. நடந்த நிகழ்ச்சிகளைக் கேட்டு ஒருவரின் திறனை அறியும் அணுகுமுறைக்கு ஜான் ஃபிளானகன் 1954இல் எழுதிய ஆய்வுரை ஒரு தொடக்கம். 1982இல் டாம் ஜான்ஸ் அதை நேர்காணலுக்கு உரிய வடிவத்தில் சோதித்துக் காட்டினார். 1998இல் ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பிடும் கட்டமைந்த நேர்காணல் பிற்கால வேலைத்திறனோடு 0.51 அளவு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்) ஒத்துப்போவதாகவும், மனம்போன போக்கில் பேசும் நேர்காணல் 0.38 அளவே ஒத்துப்போவதாகவும் கணித்தார்கள். பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் அந்தக் கணக்கைத் திருத்தியபோது இரண்டு எண்களும் இறங்கின, முன்னது 0.42, பின்னது 0.19. ஆனாலும் ஒப்பிட்ட முறைகள் எல்லாவற்றிலும் கட்டமைந்த நேர்காணலே முதலிடத்தில் நின்றது. விண்ணப்பதாரருக்கு இதனால் விளையும் நடைமுறைப் பொருள் ஒன்று உண்டு. கட்டமைந்த நேர்காணலில் குழுவினர் நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்புக்கே மதிப்பெண் போடுகிறார்கள். நீங்கள் சொல்லாமல் விட்டது எவ்வளவு பெரிய சாதனையாக இருந்தாலும் அந்தத் தாளில் ஏறாது.

இந்தச் சேவையின் எழுத்து அறிக்கை அதே அடிப்படையில் அமைந்திருப்பது பெரிய நிறை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இருக்கிறது. மூன்றுக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும், ஐந்துக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்ற விளக்கமும் பக்கத்திலேயே இருக்கிறது. எனக்கு வந்த முதல் அறிக்கையில் என் வாக்கியங்களையே மேற்கோளாக எடுத்து, அவற்றுக்குக் கீழே கருத்து எழுதியிருந்தார்கள். “இங்கே எண் தேவை”, “இந்த முடிவு யாருடையது என்று கேட்பவருக்குத் தெரியவில்லை”, “இந்தப் பகுதியை விட்டுவிடலாம், பணிக்குத் தொடர்பில்லை” என்ற அளவுக்குத் துல்லியமான குறிப்புகள் அவை. அவற்றை வைத்துக்கொண்டு விடையைத் திருத்துவது எளிதாக இருந்தது.

எல்லா அறிக்கைகளும் அப்படி இல்லை என்பதுதான் குறை. வேறொருவருடன் நடந்த நேர்காணலுக்குப் பிறகு வந்த அறிக்கையில், நம்பிக்கையோடு பேசினீர்கள், இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம், முகத்தில் புன்னகை இருக்கட்டும் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. எந்த விடையைச் சுருக்குவது, எதை வெட்டுவது என்ற விவரம் கிடையாது. இத்தகைய கருத்துரை யாருக்கும் பொருந்தும். அதனாலேயே யாருக்கும் பயன்படாது. முறையிட்டபோது மறுப்புச் சொல்லாமல் மாற்று நேர்காணல் ஒன்று ஏற்பாடு செய்தார்கள், அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் கட்டணம் ஒன்றாக இருக்கும்போது தரமும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது சேவையின் கடமை. நேர்காணல் நடத்துபவர் ஒவ்வொருவரும் எழுதிய அறிக்கையின் மாதிரி ஒன்றைப் பட்டியலிலேயே வைத்தால் பயனரே பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள்வார். இப்போது அந்த வசதி இல்லை.

காணொளிப் பதிவைப் பலர் பார்க்கவே மாட்டார்கள்; தன் முகத்தையும் குரலையும் தானே கேட்டுப் பார்ப்பது கூச்சம் தரும். கூச்சத்தை ஒதுக்கிவிட்டுப் பார்க்கும்படி வற்புறுத்துவேன். பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சு படபடத்ததும் குரல் நடுங்குவதாகத் தோன்றியதும் எனக்கு நன்றாக நினைவிருந்தது. பதிவில் அவற்றின் சுவடே தெரியவில்லை. கென்னத் சாவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது: பேசுபவர்கள் தங்கள் பதற்றம் வெளியே தெரிவதாக நினைக்கும் அளவுக்கு அது கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை. அந்த உண்மையை முன்கூட்டியே சொல்லி வைத்தபோது பேச்சாளர்கள் மேலும் நன்றாகவே பேசினார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவு. பதற்றத்தைப் போக்கிக்கொள்ள மூச்சுப் பயிற்சி முதலிய பல வழிகளைச் சேவையின் குறிப்பேடு அடுக்குகிறது. எனக்கு அவை எல்லாவற்றையும்விட, பதற்றம் வெளியே தெரியவில்லை என்று பதிவில் கண்டதே அதிகம் உதவியது.

இனி மென்பொருள் பயிற்சி. திரையில் கேள்வி தோன்றும். ஒளிப்படக்கருவியைப் பார்த்து விடை சொல்ல வேண்டும். முடித்ததும் பேச்சின் வேகம், இடையிடையே வந்த “அதாவது”, “வந்து” போன்ற அசைச்சொற்களின் எண்ணிக்கை, பார்வை, புன்னகை, ஒட்டுமொத்த நம்பிக்கை ஆகியவற்றுக்கு மதிப்பெண் வரும். வேகமும் அசைச்சொல் கணக்கும் பயனுள்ளவை. நேர அளவைக் காட்டுவதும் நல்லது, ஏனெனில் இரண்டு நிமிடம் பேசியதாக நினைத்தது ஐந்து நிமிடமாக இருப்பது சாதாரணம். மற்ற மதிப்பெண்களை நான் நம்பவில்லை. அவை எதை அளக்கின்றன என்று அறிய, ஒரு கேள்விக்கு விடையாக மழை எப்படி உண்டாகிறது என்று விளக்கும் பத்தி ஒன்றைத் தெளிவாக, நிதானமாக, இலேசான புன்னகையோடு வாசித்தேன். கேள்வியோ குழுவில் எழுந்த பூசலைத் தீர்த்ததைப் பற்றியது. கிடைத்த மதிப்பெண், அதே கேள்விக்கு உண்மையான அனுபவத்தை யோசித்து யோசித்துச் சொன்னபோது கிடைத்ததைவிட அதிகம்.

இதை ஒரு சிறு குறையாகக் கடந்துபோக மனம் இடம் தரவில்லை. முகத்தைப் பார்த்துத் தகுதியை அளக்கலாம் என்ற எண்ணமே கேள்விக்குள்ளாகி வருகிறது. காணொளி நேர்காணல் மென்பொருளில் பெயர்பெற்ற ஹயர்வியூ நிறுவனம், விண்ணப்பதாரரின் முக அசைவுகளை ஆராய்வதைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு மட்டும் விலக்களித்து, பணியிடத்திலும் கல்வி நிலையங்களிலும் மனிதரின் உணர்ச்சிகளை ஊகித்துச் சொல்லும் கருவிகளுக்கு 2025 பிப்ரவரி முதல் தடை விதித்திருக்கிறது. நிலைமை இப்படியிருக்க, வேலை தேடி மனம் தளர்ந்திருக்கும் ஒருவரிடம் “உங்கள் நம்பிக்கை நூற்றுக்கு நாற்பத்தொன்று” என்று ஒரு திரை சொல்வது நியாயமே இல்லை. இயல்பிலேயே அதிகம் சிரிக்காதவர், பேசும்போது யோசனையில் வேறு பக்கம் பார்ப்பவர், திக்கிப் பேசுபவர் ஆகியோருக்கு இது வீண் மனவேதனையைத் தரும். அந்த மதிப்பெண்களை மறைத்து வைக்கும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. முதல் வேலையாக அதைச் செய்துவிடுங்கள்.

கேள்வி வங்கியின் நிலை இன்னும் மோசம். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே “சிறந்த விடை” என்று ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்கள். பலவீனம் என்ன என்ற கேள்விக்கு, எதையும் முழுமையாகச் செய்யாமல் விடமாட்டேன் என்பதே என் பலவீனம் என்ற விடை இன்னும் அங்கே இருக்கிறது. இந்த விடையைக் காதால் கேட்டிராத தேர்வாளர் இருக்க முடியாது. மாதிரி நேர்காணலில் இதைப் பற்றிக் கேட்டபோது அந்தப் பெண்மணி, வேலைக்குத் தொடர்புள்ள, உண்மையான, நீங்கள் ஏற்கெனவே சரிசெய்ய முயன்றுகொண்டிருக்கும் குறையைச் சொல்லுங்கள், அடுத்து எப்படிச் சரிசெய்கிறீர்கள் என்று கேட்பார்கள், அதற்குச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும் என்றார். ஒரே சேவையின் ஒரு பகுதி சொல்லித் தருவதை இன்னொரு பகுதி மறுக்கிறது.

மாதிரி விடைகளைத் திரும்பத் திரும்பப் படிப்பதில் இன்னொரு கேடும் உண்டு. படிக்கும்போது எல்லாம் தெரிந்துவிட்டதாகத் தோன்றும். கேட்கும்போது வாயில் வராது. ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006இல் செய்த சோதனையில், ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே வெகுவாக முந்தினார்கள். நேர்காணலுக்கும் இது அப்படியே பொருந்தும் என்பது என் எண்ணம். கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, விடையை மூடிவைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பவருக்குக் கேள்வி வங்கி பயன்படும்.

புதிர்க் கேள்விகளுக்கென்று ஒரு தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். ஒரு விமானத்தில் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும் என்பது போன்ற கேள்விகள் அவை. இவற்றைப் பிரபலமாக்கிய நிறுவனங்களுள் ஒன்றான கூகுளின் மனித வளத் துறைத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், இவை எதையும் முன்னறிவிப்பதில்லை, நேரத்தை வீணாக்குகின்றன என்று 2013இலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அந்தப் பிரிவைத் திறக்கவே வேண்டாம். மாறாக, “நீங்கள் அவர்களிடம் கேட்க வேண்டியவை” என்ற சிறு பிரிவு மிகவும் தரமானது. இந்தப் பணியில் முதல் மூன்று மாதங்களில் எது நடந்தால் தேர்வு சரியாக அமைந்தது என்று கருதுவீர்கள், இதற்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் ஏன் விலகினார், அன்றாடம் யாரோடு அதிகம் வேலை செய்ய வேண்டியிருக்கும் என்பவை அதில் இருந்தவற்றுள் சில. உண்மையான நேர்காணலில் முதல் கேள்வியைக் கேட்டேன். அதற்கு வந்த நீண்ட பதிலிலிருந்து அந்த வேலையைப் பற்றி நான் அறிந்துகொண்டது, விளம்பரத்தில் இருந்ததைவிட அதிகம்.

சம்பளப் பேச்சுக்கான பயிற்சி சுருக்கமாகவே இருந்தாலும் சரியாக இருந்தது. எதிர்பார்ப்பு என்ன என்று கேட்டால் உடனே ஓர் எண்ணைச் சொல்லாமல், இந்தப் பதவிக்கு என்ன வரம்பு வைத்திருக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சொல்லும்படி பழக்கினார்கள். ஆனால் முன்பதிவுப் படிவத்தில் தற்போதைய சம்பளத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று வைத்திருப்பது எந்த வகையில் பொருத்தம் என்று விளங்கவில்லை. பழைய சம்பளத்தைக் கேட்பதையே கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ் உள்ளிட்ட அமெரிக்க மாநிலங்கள் 2018 முதல் சட்டத்தால் தடுத்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நிறைவேற்றிய ஊதிய வெளிப்படைத்தன்மை ஆணையும் அதையே சொல்கிறது. பயிற்சிக்கு அந்தத் தகவல் தேவையே இல்லை. படிவத்தில் பூஜ்யம் போட்டாலும் ஏற்றுக்கொள்கிறது, அப்படியே செய்யலாம்.

புதிதாக வேலை தேடுபவர்களுக்கு இது பயன்படுமா என்ற கேள்வி வரும். என் அக்கா மகள் படிப்பை முடித்துவிட்டு முதல் நேர்காணலுக்குக் காத்திருந்தாள். “எனக்குச் சொல்வதற்கு அனுபவமே இல்லையே மாமா, அவர்கள் என்னிடம் எதைக் கேட்பார்கள்?” என்பதுதான் அவளுடைய கவலை. அவளுக்கு ஒரு நேர்காணல் பதிவுசெய்து கொடுத்தேன். நடத்தியவர் கல்லூரித் திட்டப்பணியைப் பற்றிக் கேட்டு, நால்வர் குழுவில் ஒருவர் இடையில் விலகியபோது அவருடைய பங்கை எப்படிப் பிரித்தீர்கள், ஆசிரியரிடம் எப்போது சொன்னீர்கள், எதைக் கைவிட முடிவு செய்தீர்கள் என்று படிப்படியாக வெளிக்கொண்டு வந்தார். முடிந்ததும் அவள் தானாகவே உட்கார்ந்து, பகுதி நேரமாகப் பார்த்த வேலை, நூலகத்தில் செய்த உதவிப்பணி என்று அதே போல எழுதத் தொடங்கிவிட்டாள். அனுபவம் இல்லை என்று அவள் நினைத்தது, அனுபவம் என்றால் சம்பளம் வாங்கிய வேலை மட்டுமே என்று எண்ணியதால்தான். அந்த எண்ணத்தை மாற்ற ஒரு நல்ல கேள்வியாளர் போதும்.

நான் விண்ணப்பித்த வேலை கிடைத்தது. உண்மையான தேர்வுக் குழுவில் மூவர் இருந்தார்கள். உங்கள் கருத்தை ஏற்காத ஒருவரோடு வேலை செய்ததைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அவர்களில் ஒருவர் கேட்டபோது, சீட்டுகளையும் மங்கலான வெளிச்சத்தையும் பகல் முறைத் தலைவரையும் பற்றி வரிசையாகச் சொல்ல முடிந்தது. அவர் அதை விடாமல் குறித்துக்கொண்டார். இந்த முடிவுக்குச் சேவை மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. பணிக்கு விண்ணப்பித்தவர்கள் யார் யார், அவர்கள் எப்படிப் பேசினார்கள் என்பதெல்லாம் நம் கையில் இல்லை. ஆனால் அந்த ஒரு விடை பயிற்சி இல்லாமல் அந்த வடிவில் வந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆகவே, மாதச் சந்தாவைத் தவிர்த்து, மனிதர் நடத்தும் நேர்காணல்களை மட்டும் தனித்தனியாக வாங்குவதே என் பரிந்துரை. அப்படி வாங்கும் வழி இணையதளத்தில் சற்று உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருந்தாலும் இருக்கிறது. ஒன்றை நேர்காணல் அழைப்பு வருவதற்கு முன்பே எடுத்துக்கொள்வது நல்லது. அறிக்கையைப் படித்து விடைகளைத் திருத்த அவகாசம் வேண்டும். முந்தின நாள் எடுத்துக்கொண்டால் குறைகள் தெரியவருமே தவிர, சரிசெய்ய நேரம் இருக்காது. இன்னொன்றை வேறொருவரோடு எடுத்துக்கொண்டால், திருத்திய விடை புதிய காதுக்கு எப்படிக் கேட்கிறது என்று தெரியும்.

பணம் செலவழிக்க இயலாதவர்கள் மனம் தளர வேண்டாம். ஆள் எடுத்துப் பழக்கமுள்ள மூத்த சக ஊழியர் ஒருவரோ, பழைய மேலாளரோ ஒரு மணி நேரம் ஒதுக்க இசைந்தால், விளம்பரத்தையும் தற்குறிப்பையும் அவரிடம் கொடுத்து, நீங்கள் சொல்லும் எதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் கேட்கும்படி வேண்டிக்கொள்ளுங்கள். அது எப்படித் தெரிந்தது, முடிவெடுத்தது யார், வேறு என்ன வழி இருந்தது, எவ்வளவு மாறியது, மறுத்தவர் யார் என்ற கேள்விகளை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டால் போதும். நெருங்கிய நண்பரைக் காட்டிலும் சற்று விலகிய உறவில் இருப்பவர் இதற்குப் பொருத்தமானவர். நண்பர் பாதியிலேயே புரிந்துகொண்டு தலையாட்டிவிடுவார்.

நடைமுறை விவரங்கள் சிலவும் உண்டு. நேரம் குறிக்கும் பக்கம் நேர்காணல் நடத்துபவரின் ஊர் நேரத்தைக் காட்டுகிறது, உங்கள் நேரத்தை அல்ல. உறுதிசெய்யும் முன் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் முன்னதாகத் தெரிவித்தால் கட்டணமின்றி நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். சந்தா எடுத்திருந்தால் அது தானாகவே புதுப்பிக்கப்படும், நினைவூட்டல் எதுவும் வராது. பழைய வேலையைப் பற்றி நீங்கள் மனம் திறந்து பேசிய பதிவுகள் நீங்கள் நீக்கும் வரை அவர்களுடைய சேமிப்பிலேயே இருக்கும். கணக்கை மூடிய பிறகு அறிக்கைகளைத் திரும்பப் பெற வழியில்லை என்பதால், முதலில் அறிக்கைகளையும் பதிவுகளையும் தரவிறக்கிக்கொண்டு, அடுத்து அவற்றைச் சேவையிலிருந்து நீக்கி, அதன் பிறகே கணக்கை மூட வேண்டும்.